சங்கிலி அறுந்த ஆண்டு
(பாடிவந்த கதை – 17)

2022 டிசம்பர் 13 இரவை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மும்பையில் நடந்த புரோ கபடி எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சரிசமமாக நின்று, டை-பிரேக்கரில் 6-4 என்று தமிழ் தலைவாஸ் கரையேறிய இரவு அது. ஆனால் 2019-ஐக் கடக்காமல் அந்த இரவுக்குப் போனால் அதன் அருமை விளங்காது. ஆகவே, தோற்ற ஆண்டை முதலில் பார்த்துவிடுவோம்.

புரோ கபடியின் ஏழாவது சீசன் தொடங்கும்போது தலைவாஸின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து மற்ற அணிகள் மலைத்தன. தலைவர் அஜய் தாக்கூர். 2016 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது ஈரானிடம் பின்தங்கிக் கிடந்த இந்தியாவை 12 புள்ளி எடுத்துத் தூக்கி நிறுத்தியவர், 2019-இல்தான் பத்மஸ்ரீயும் பெற்றிருந்தார். அவருக்குத் துணையாக 94 லட்சம் ரூபாய்க்கு ராகுல் சௌத்ரி. பிடிப்பதற்கு மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங். ஜூலை 21 அன்று ஹைதராபாத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என்று சாய்த்தபோது, முந்தைய இரண்டு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசியாக வந்த அணிதானா இது என்று தோன்றியிருக்கும். சீசன் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 22 ஆட்டம், 4 வெற்றி, 3 சமன், 15 தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். நட்சத்திரங்களுக்கு வயதாகிவிட்டது என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தோற்றது ஆட்களால் அல்ல, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியால் என்பதே என் கட்சி.

அந்த இடைவெளி எது என்று ஊர்க் கபடியில் பார்க்கலாம். வத்தலும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்து, கண்மாய் வறண்டு கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மின்னொளிக் கபடிக்குச் சுவரொட்டி ஒட்டுவார்கள். ஊருக்கு ஊர் ஒரு செட்டு வரும். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பொட்டலில் முட்டி தேய்ந்த பையன்கள் அவர்கள். பாடி வருபவன் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் கார்னர்காரன் கணுக்காலுக்குப் பாய்வான். அவன் பாய்வதற்கு அரை நொடி முன்பே, பாயப்போகிறான் என்று பக்கத்தில் கைகோத்து நிற்பவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் இடுப்புக்குப் போவான், மூன்றாமவன் வழியை அடைப்பான். ஒருவன் பாய்ந்து மற்றவன் யோசித்து நின்றால், பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். சங்கிலி என்று இதைச் சொல்வது சும்மா அல்ல. அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்: உயர்ந்த நூலாகவே பார்த்து வாங்கினாலும் பாவு சீராக ஓடாவிட்டால் துணி தேறாது. ஏலத்தில் நூலை வாங்கலாம், பாவை வாங்க முடியாது. 2019-இல் தலைவாஸ் வாங்கியது நூல்.

இதற்குச் சாட்சி அதே சீசனிலேயே இருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர்ச் சீமைக்காரர். கபடி உலகம் முழுக்க, இந்தி பேசும் பையன்கள் உட்பட, அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறது. 2016-இல் நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை தாங்கி, ஜூலை 31 இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இருபது வயதுப் பையன்கள் ஓடும் களத்தில் நாற்பது வயதுக்காரர் எப்படி நின்றார்? கால் வேகத்தால் முடியாது; கண்ணால் நின்றார். பாடி வருபவன் எந்தத் தோளைச் சாய்க்கிறான், எந்தக் காலில் பாரம் வைக்கிறான் என்று பார்த்து, தன் பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து நகர்த்துகிற வித்தை அது. அப்படிப்பட்ட ஒருவர் களத்தில் இருந்தால் மற்ற ஆறு பேரும் தங்கள் தகுதிக்கு ஒரு படி மேலே ஆடுவார்கள். தலைவாஸ் தொடங்கிய முதல் மூன்று சீசன்களில் அவர் புனேவுக்கும், மும்பைக்கும், ஹரியானாவுக்கும் ஆடினார், தமிழ்நாட்டுக்கு ஆடவில்லை. 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணித் தலைவர் அவர்தான். வடநாட்டு நட்சத்திரங்களை வாங்கிய தமிழ்நாட்டு அணி கடைசிக்குப் போன அதே ஆண்டில், நாற்பத்து நான்கு வயதுத் தமிழரின் தலைமையில் ஹரியானா பிளே-ஆஃப் வரை வந்தது. என் மனத்தில் அந்த சீசனின் நாயகன் அவர்தான். கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸின் கதையும் இதையே சொல்கிறது: இறுதியாட்டத்தில் அவர்களுடைய தலைவர் மணீந்தர் சிங் காயத்தால் ஆடவே இல்லை. ஈரான் வீரர் முகமது நபிபக்ஷ் பொறுப்பேற்க, டெல்லியை 39-34 என்று வென்றார்கள். பெரிய நூல் ஒன்று அறுந்தும் அந்தப் பாவு ஓடியது.

தமிழ்ப் பிள்ளைகளை எடுத்திருந்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் காரணம் அதுவல்ல. 2022-இல் அணியைத் தூக்கியவர்களில் சாகர் ராட்டியும் நரேந்தரும் ஹரியானாக்காரர்கள், அஜிங்கியா பவார் மகாராஷ்டிரக்காரர். பிறந்த ஊர் ஆட்டத்தைத் தீர்மானிக்கவில்லை. 2019-இல் காயம் வந்தது, பயிற்சியாளர் பாஸ்கரன் நடுவழியில் விலகி உதயகுமார் வந்தார், அதனால்தான் குலைந்தது என்பது இன்னொரு வாதம். அப்படியானால் 2022-ஐ என்ன சொல்வது? 2.26 கோடி கொடுத்து வாங்கிய பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டுச் சீசனை இழந்தார். பயிற்சியாளரும் நடுவிலேயே மாறினார். உதயகுமார் போய் ஆஷன் குமார் வந்தார். அதே இரண்டு கெடுதலும் நேர்ந்தும் அணி மேலே ஏறியது. ஒரு வித்தியாசம் இருந்தது. சாகர், அபிஷேக், அஜிங்கியா முதலியோர் முந்தைய சீசனில் 11-ஆவது இடத்துக்கு வந்த அதே அணியில் ஒன்றாகத் தோற்றவர்கள். நிர்வாகம் அவர்களைக் கலைக்கவில்லை. சேர்ந்து தோற்றதில் சங்கிலி உருவாகியிருந்தது.

என் கட்சிக்கு எதிரான வலுவான ஆதாரம் 2024. சேரலாதனே உதயகுமாருடன் பயிற்சியாளராக வந்தார், சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள், அணி ஒன்பதாவது இடத்தோடு நின்றது. அண்ணாவின் கண் மட்டும் போதாது என்று இதை வைத்து வாதிடலாம். போதாதுதான். கோட்டுக்கு வெளியே நிற்பவர் யார் கையையும் பிடித்துக்கொள்ள முடியாது. கை கோப்பது உள்ளே நிற்கும் ஏழு பேரின் வேலை. அதற்கு ஒரு சீசன் பற்றாது. தோற்ற அணியை ஏலத்துக்கு ஏலம் கலைத்துப் போடுகிற பழக்கத்தை இந்தக் கதையின் வில்லன் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

எலிமினேட்டர் இரவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்கு அடுத்து அரையிறுதியில் புனேரி பல்தானிடம் தலைவாஸ் 37-39 என்று தோற்றது. பவன் செஹ்ராவத் இல்லாமல், இரண்டே புள்ளியில்.