ஆம்பூர் எந்த மாவட்டம்? – இணைய நூலகங்களும் பெயரிடலின் அரசியலும்

பழைய நூல்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அறிவு பொதுச்சொத்தாகிவிடும் என்கிற நம்பிக்கை நம்மிடையே வலுவாக நிலவுகிறது. மதுரைத் திட்டம் (1998), ஈழத்தமிழரின் நூலகம் (2005), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் (2017) ஆகியவை செய்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு நகலின் அருமையை யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதுமில்லை. ஆனால் ஏற்றிவைத்த நூலை வாசகர் எதை வைத்துத் தேடுவார்? தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இடம், பொருள் என்று படத்தோடு ஒட்டப்படும் விவரக்குறிப்பை வைத்துத்தான். இதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறோம். எது வரலாறாகும், எது காணாமல்போகும் என்பதை முடிவுசெய்வது இந்தக் கட்டங்கள்தாம் என்பது என் வாதம்.

ஆம்பூரை எடுத்துக்கொள்வோம். 1989 வரை அது வட ஆற்காடு மாவட்டம். அந்த வருஷம் மாவட்டத்தைப் பிரித்தபோது அம்பேத்கர் பெயர் சேர்ந்தது. 1997இல், சாதி மோதல்களை ஒட்டி மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபின் வெறும் வேலூர். 2019 முதல் திருப்பத்தூர். டேனரிகளில் தலித்துகள் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த மண்ணில் அம்பேத்கர் பெயர் எட்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1993இல் அச்சான தொழிற்சங்கத் துண்டறிக்கை ஒன்று நூலகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். பட்டியலிடுபவர் இடப்பெயரை இன்றைய பெயருக்குத் 'திருத்தினால்' அந்த வரலாறு காலி. அச்சிலுள்ளதை மட்டும் போட்டால், திருப்பத்தூர் என்று தேடுகிறவர் கையில் அது சிக்கவே சிக்காது. அச்சுப்பெயரும் அப்படியே இருக்கணும், எல்லாப் பெயர்களும் வருஷத்தோடு ஒன்றுக்கொன்று கோக்கப்படவும் வேண்டும்.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பிறகு, கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுச் சனங்கள். அந்த அச்சுப் பிரதிகளை 'கர்நாடகம்' என்ற இடத்திலும் 'பௌத்தம்' என்ற பொருளிலும் அடைத்துவிட்டால், ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் பேத்தி அதைத் தன் வரலாறாக எப்படிக் கண்டடைவாள்? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்த இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் 1999இல்தான் வந்தன. அயோத்திதாசர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து!

பாலாற்று மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, வழக்கின் பெயரைத் தட்டினால் நொடியில் வருகிறது. அதிகாரத்தின் பிரதிக்குப் பெயர், தேதி, எண் எல்லாம் கச்சிதமாக உண்டு. துண்டறிக்கைக்கு ஆசிரியர் இருக்கமாட்டார், சிலசமயம் ஆண்டுகூட இருக்காது. கட்டம் காலியென்றால் தேடுபொறிக்கு ஆவணமே இல்லை.

ஆகவே, எத்தனை லட்சம் பக்கம் ஏற்றினீர்கள் என்று மட்டும் நூலகங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. பொருட்சொற்களை யார் தீர்மானிக்கிறார்கள், தோல் தொழிலாளர்களுக்கு அதில் பங்குண்டா, யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு வெளிப்படையாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பட்டியலும் ஒரு வரலாற்று நூல்தான். அதற்கும் விமர்சனம் எழுதியாக வேண்டும்.