பழைய அமெரிக்க இதழ்கள்

அமெரிக்க நாட்டில் பழம்பொருள் சேர்ப்போருள் ஒரு சாரார் நாணயத்தையோ தபால் தலையையோ நாடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த மாத இதழ்களையும் வார இதழ்களையும் தேடித் திரிகின்றனர். படித்தபின் எறிந்துவிடுவதற்கென்றே அச்சிட்ட தாள்களை ஏன் தேட வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

1879-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் பத்திரிகைகளுக்குக் குறைந்த கட்டணச் சலுகையை அளித்தது. 1893-இல் ஃபிராங்க் மன்சி என்பார், 25 சென்டுக்கு விற்று வந்த தம் மாத இதழை 10 சென்டுக்குத் தரத் துணிந்தார். இதழ் விற்ற பணத்தைக் காட்டிலும் விளம்பரப் பணமே பெரிது என்பது அவர் கணக்கு. சோப்பும் சைக்கிளும் விற்பவர்கள் வாசகனுக்காகப் பாதி விலையைக் கட்டினர் என்று சொல்லலாம்.

மலிந்த இதழ்கள் எல்லாம் மலினமானவை அல்ல. 1903 ஜனவரி 'மக்ளூர்ஸ்' இதழைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் வரலாற்றை ஐடா டார்பெல் அம்மையார் அதில் தொடர்ந்து எழுதுகின்றார். மினியாபொலிஸ் நகரின் ஊழலை லிங்கன் ஸ்டெஃபன்ஸ் அம்பலமாக்குகின்றார். 1911-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கம்பெனியைக் கலைக்க ஆணையிட்டது. அதற்குக் கட்டுரைகள் மட்டுமே காரணம் என்பது மிகை. ஆயினும் மக்கள் மனத்தைப் பண்படுத்தியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இக்கட்டுரைகள் பின்னர் நூல்களாகவும் வெளிவந்தன. அங்ஙனமாயின் இதழ் எதற்கு? நூலகங்கள் பல, ஆறு மாத இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்தபொழுது, அட்டையையும் முன்னும் பின்னும் இருந்த விளம்பரப் பக்கங்களையும் குப்பையெனக் கருதிக் கிழித்தெறிந்துவிட்டன. ஒரு குடும்பம் எந்த அடுப்பை விரும்பியது, அதன் விலை யாது, கறுப்பின மக்களை விளம்பரக்காரர் எவ்வளவு இழிவாகச் சித்திரித்தனர் என்பதற்கெல்லாம் சான்று அப்பக்கங்களில்தான் இருந்தது. நூலகம் எறிந்ததைச் சில வீட்டுப் பரண்கள் காத்தன.

பரணிலும் பகை உண்டு. 1912 அக்டோபரில் டார்சன் கதை முதன்முதல் தோன்றிய 'ஆல் ஸ்டோரி' போன்ற கதை இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகின்றது. தாளிலுள்ள அமிலம் இழைகளை அறுக்கின்றது. நாளடைவில் ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்கும். போதாக்குறைக்கு இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. பள்ளிச் சிறுவர்களும் வீடுவீடாகச் சென்று வாங்கினர். எத்தனையோ இதழ்கள் மறுபடியும் கூழாயின.

எஞ்சியவற்றை இப்பொழுது வேறொரு கூட்டம் கூறுபோடுகின்றது. வண்ண அட்டையையும் விளம்பரத்தையும் வெட்டித் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் முழு இதழைவிட அதிகப் பணம் கிடைப்பதுண்டு. கட்டுரையை அவர்கள் எறிந்துவிடுகின்றனர். இணையத்தில் காணும் படப்பதிவுகளிலும் பல, நூலகத் தொகுதிகளிலிருந்து எடுத்தவையே. அத்தகையவற்றில் விளம்பரப் பக்கங்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.