இரவல் கடிகாரம்

கப்பலுக்கும் விமானத்துக்கும் இருக்குமிடத்தை உரைக்கும் ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாடு அமெரிக்க ராணுவம் தன் உபயோகத்துக்காக அமைத்துக்கொண்டது என்பதையும், வழிதவறிய கொரிய விமானமொன்றை 1983-ல் சோவியத் படையினர் சுட்டு வீழ்த்தி 269 பேர் மாண்ட பிறகே அதனைப் பொதுஜனங்களுக்கும் அளிப்பதாக ரீகன் சர்க்கார் வாக்களித்தது என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அதன் பின்னரும், பிறருக்கு எட்டிய சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து, நூறு மீட்டர் வரை இடம் பிசகும்படி செய்திருந்தார்கள். 2000 மே மாதத்தில் கிளின்டன் ஆணையிட்ட பிறகுதான் அந்தக் கலப்படம் நின்றது. தாராளம்தான், சந்தேகமில்லை, ஆயினும் ஓர் ஆணையால் வந்தது மற்றோர் ஆணையால் போய்விடக்கூடுமே!

கார்கில் யுத்தத்தின்போது இந்தியா கேட்ட விவரங்களை அமெரிக்கா தர மறுத்தது என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி அடிபடுகிறது. அதன் உண்மை எத்தன்மையதாயினும், 1999-ல் பிழை கலந்த சமிக்ஞையே நமக்குக் கிடைத்துவந்தது என்பது நிச்சயம். சொந்த ஏற்பாடு வேண்டும் என்று எண்ணுவதற்கு அதுவே போதுமான காரணம். 2006-ல் மத்திய சர்க்கார் அனுமதி அளித்தது. பூமி முழுவதற்கும் வழிசொல்ல இருபத்து நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டியிருக்க, தேசத்தையும் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டரையும் மாத்திரம் உத்தேசித்ததால் நமக்கு ஏழே போதுமாயின. 2013 ஜூலை முதல் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலாவது கிளம்பியது. 2016 ஏப்ரலில் ஏழாவதும் சேர்ந்து, 'நாவிக்' என்று நாமகரணமும் ஆயிற்று.

ஆனால் இந்த வித்தைக்கெல்லாம் ஜீவநாடி கடிகாரம். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரக்கணக்கு முந்நூறு மீட்டர் தவறிவிடும். அத்தகைய நுட்பம் வாய்ந்த ருபிடியம் அணுக்கடிகாரங்களை நாம் ஐரோப்பாவிலிருந்து தருவித்தே பொருத்தியிருந்தோம். அந்நியரை நம்பாதிருக்கும் பொருட்டு எழுந்த திட்டத்தின் இதயம் அந்நியரிடம் வாங்கியதாக இருந்தது விநோதமே. முதற்கோளின் மூன்று கடிகாரங்களும் பழுதாகி, சமிக்ஞை வந்தும் இடம் கணிக்க உதவாமற் போயிற்று. பதிலாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமையால் அதற்குள்ளேயே சிறைப்பட்டது.

ஆமதாபாத்தில் நம்மவர்களே உருவாக்கிய அணுக்கடிகாரம் 2023 மே 29-ஆம் தேதிதான் புதிய கோளொன்றில் விண்ணேறியது. அந்த வரிசையில் அடுத்த கோளை 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட் குறையின்றிக் கொண்டுசேர்த்தும், கோளின் எஞ்சினுக்கு ஆக்சிகரணியை விடும் வால்வுகள் திறக்காததால், அது உரிய பாதைக்கு உயர இயலவில்லை.