பண்டித ரமாபாயின் முக்தி இல்லம்

பூனாவிலிருந்து தௌண்டு நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் கேட்காவ் என்றொரு சிறு நிலையம் உண்டு. பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே பயணம் செய்யும் தமிழர் பலர் அதனைக் கடந்து செல்கின்றனர். அங்கே இறங்குவோர் சிலரே. ஆயினும், ஆதரவற்ற பெண்குழந்தைகளின் கல்வி வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு. முக்தி என்னும் இல்லத்தை அங்கே நிறுவியவர் பண்டித ரமாபாய் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1858-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்கள் வடமொழி கற்றலாகாது என்னும் வழக்கத்தை மீறித் தம் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தவர். அக்கல்வியைத் தாய் மகளுக்கு அளித்தார். பகலெல்லாம் வீட்டுவேலை இருந்தமையால், விடியுமுன் மகளை அன்பு மொழி கூறி எழுப்பிப் பாடம் சொல்வது அத்தாயின் வழக்கம். கல்வியும் அன்பும் பிரிக்க இயலாதவை என்பதை ரமாபாய் முதலில் உணர்ந்தது அந்த வைகறைப் பொழுதுகளில்தான்.

தலயாத்திரையிலேயே வாழ்ந்த அக்குடும்பத்தைத் துயர் சூழ்ந்தது. 1870-களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியபோது தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய தமையனும் தங்கையும் நாடெங்கும் நடந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே ரமாபாயின் புலமையைக் கண்டு வியந்த பண்டிதர்கள் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை வழங்கினர். 1880-இல் மணம் புரிந்த அவர், 1882-இல் கணவரை இழந்தார். கையிலிருந்த செல்வம் மனோரமா என்னும் பெண்குழந்தை ஒன்றே.

1883-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், சமூகம் தள்ளிவைத்த பெண்களைக் கன்னியர் சிலர் அருவருப்பின்றிப் பேணுவதைக் கண்டார். இந்தக் கருணை எங்கிருந்து பிறந்தது என்று வினவினார். கிறிஸ்துவின் அன்பே அதற்கு ஊற்று என்றறிந்து, அவ்வாண்டே ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில், விளையாட்டின் வழியே குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பிரோபெலின் முறையைப் பயின்றார்.

1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது பூனாவுக்கு மாறியது. மதமாற்றம் அங்கே நோக்கமன்று என்பது ஏற்பாடு. ஆயினும், தாம் வழிபடும் அறையின் கதவை அம்மையார் அடைப்பதில்லை; மாணவியர் சிலர் உள்ளே வந்து அமர்ந்தனர். இதனால் எழுந்த சர்ச்சையில், 1893-இல், ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றனர். பெண்களை ஒப்படைத்தோரின் கவலையையும் நாம் எளிதெனத் தள்ளிவிட முடியாது. பிறர் குழந்தையிடம் காட்டும் அன்புக்கு எல்லை எது என்னும் வினா அன்றே எழுந்தது. எனினும், அங்கே கற்ற இளம் விதவை கோதுபாயை அதே ஆண்டில் மணந்தவர் தோண்டோ கேசவ் கார்வே என்பதும் நினைக்கத்தக்கது. மகளிர் கல்விக்காகவே வாழ்ந்து, 1958-இல் பாரத ரத்னா விருது பெற்ற கார்வே அவரே.

1896-இல் மத்திய மாகாணத்தில் கொடும் பஞ்சம் தோன்றியது. அச்செய்தி அம்மையாரின் பழைய புண்ணைக் கிளறியது. அவரே நேரிற்சென்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமியர் ஏறத்தாழ 300 பேரை அழைத்து வந்தார். பூனாவில் பிளேக் நோயினால் கட்டுப்பாடுகள் வரவே, கேட்காவில் தாம் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். முக்தி இல்லம் இவ்வாறு வளர்ந்தது. 1900-ஆம் ஆண்டளவில், குஜராத் பஞ்சத்திற்குத் தப்பியோரும் சேர, 1,500-க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர்.

பசித்த குழந்தைக்கு முதலில் உணவு. உடல் தேறியபின் எழுத்து. எழுத்தோடு ஒரு தொழில். இதுவே முக்தியின் முறை. நெசவு, தையல், பயிர்த்தொழில், அச்சுக்கலை யாவும் கற்பிக்கப்பட்டன. கண்ணிழந்தோர்க்கு மனோரமா பிரெயில் எழுத்தைக் கற்பித்தார். விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் அம்மையார் பெயர்த்தபோது, அதனை அச்சுக்கோத்தவர்கள் அவ்வில்லத்துப் பெண்களே. இரக்கத்தால் காப்பாற்றப்பட்டவர்கள் தம் கைத்திறனால் நிமிர்ந்து நின்றனர்.

1921-இல் மகளை இழந்த அம்மையார், 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். இல்லம் இன்றும் நடைபெறுகின்றது.

முக்திக்கு வந்த குழந்தைகளுட் பலர், மராத்தி வழங்கும் அந்நிலத்திற்குப் பிறமொழி நாடுகளிலிருந்து வந்தவர்கள். வேற்று மண்ணில் வேர்விடும் பிள்ளைக்கு எத்தகைய பரிவு வேண்டும் என்பதைத் தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம் நன்கறிவோம். வைகறையில் மகளை எழுப்பிய ஒரு தாயின் குரல், பஞ்சத்தைக் கடந்து, கடலைக் கடந்து, ஆயிரம் சிறுமியரின் காதில் ஒலித்தது. நம் இல்லங்களிலும் அக்குரல் நாள்தோறும் ஒலிக்க வேண்டும்.