வன்தட்டும் அதன் பழுதும்

நேயர்களே, தலைமன்னாரில் வாழும் இளைப்பாறிய புகையிரத ஊழியர் ஒருவரின் வீட்டில், சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இப் பேச்சைத் தொடங்குகிறேன்.

தலைமன்னாரின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1914ஆம் ஆண்டு மதவாச்சியிலிருந்து அவ்வூருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து வந்து சென்ற கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் போரினாற் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் மாதத்திலேதான் தலைமன்னாருக்கு மீண்டும் வண்டி வந்தது.

இந்த இடைக்காலத்திற் சிதறிப்போன குடும்பங்களிடம் எஞ்சியிருந்த பழைய நிழற்படங்களைப் பெரியவர் தேடித் திரட்டினார். கப்பலிலிருந்து இறங்குவோர், சுமை தூக்குவோர், நிலைய மேடையில் நின்ற ஊழியர் எனப் பல படங்கள். அவற்றைக் கணினியிற் பதிந்துகொண்டு, மூலப் படங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். படத்தில் நிற்பவர் இன்னார், இன்ன ஆண்டு என்பதை அந்தந்தக் கோப்பின் பெயராகவே எழுதி வைத்தார். வேறெங்கும் எழுதவில்லை. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒருநாள் மாலை அவர் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மறுநாள் கணினி, தட்டை வாசிக்க இயலவில்லை என்றது. யாரோ சொன்ன ஆலோசனைப்படி, திருத்தும் செயல்நிரல் ஒன்றை இரவு முழுவதும் ஓடவிட்டார். தட்டினுள்ளே 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. விடிந்தபோது முதல்நாள் தெரிந்த பட்டியல்களும் வெறுமையாய்க் கிடந்தன.

அங்கே நேர்ந்த பிழை என்ன என்பதை விளங்கிக்கொள்ள, வன்தட்டின் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

1956 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் கணினியை வெளியிட்டது. ரெனோல்ட் ஜோன்சன் என்பாரின் தலைமையிற் கலிபோர்னியாவில் உருவான அதன் தட்டுக்கருவியில், இரண்டு அடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அவை யாவும் சேர்ந்து தாங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்களுக்கே அந்த இடம் போதாது. காந்தப்பூச்சுப் பூசிய தட்டின் மேல், அதைத் தொடாமல் மிதந்தபடி எழுதுவதும் வாசிப்பதும் ஒரு சிறு முனை. அன்று தட்டுக்கும் முனைக்கும் இடையே இருந்த வெளி, தலைமயிரின் தடிப்பிற் காற்பங்கு அளவு. இன்றோ அது சில நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறாக்கினால் வருவது ஒரு நானோமீற்றர். அத்துணை நெருக்கத்தில் முனை தட்டை உரசிவிட்டால் எழுத்து அழியும். உரசிய துகள்கள் மேலும் உரசும். பெரியவர் கேட்ட 'டிக், டிக்' ஓசை, முனை தன் இடத்தைக் காணாது திரும்பத் திரும்பத் தேடியலைந்த ஓசை.

இது உடற்பழுது. இன்னொரு வகைப் பழுதும் உண்டு. தட்டிலே கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது, அதன் பெயர் என்ன என்னும் அட்டவணை வேறோரிடத்தில் இருக்கும். கோப்பு எழுதப்பட்டு, அட்டவணை திருத்தப்படுமுன் மின்சாரம் நின்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும். சரக்கறையிற் பொருள் இருக்க, பேரேடு கிழிந்துபோன நிலை இது.

இந்த முரணைத் தீர்க்க அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1970களில் யுனிக்ஸ் முறைமைக்கென 'எஃப்எஸ்சிகே' என்னும் செயல்நிரலை ஆக்கினர். அதற்குமுன் பல சிறு செயல்நிரல்களை ஓடவிட்டு, அவை காட்டும் பிழைகளை வல்லுநர் கையாலேயே திருத்தவேண்டியிருந்தது. புதிய செயல்நிரல் தட்டு முழுவதையும் சோதிக்கும். பெயரற்றுக் கிடக்கும் கோப்புகளைக் கண்டால், 'தொலைந்து கிடைத்தவை' என்று பொருள்படும் ஓர் அறையில், வெறும் இலக்கத்தைப் பெயராக இட்டு வைக்கும். பயணிகள் மறந்துவிட்டுச் சென்ற குடைகளையும் பெட்டிகளையும் புகையிரத நிலையத்தார் ஓர் அறையில் வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

பின்னர் வேறொரு வழி கண்டனர். எதையும் மாற்றுமுன், 'இதனை மாற்றப் போகிறேன்' என்று ஒரு நாட்குறிப்பில் முதலில் எழுதிக்கொள்வது. இடையில் மின்சாரம் நின்றால், குறிப்பைப் பார்த்து வேலையை முடிக்கலாம், அல்லது தொடங்காததாகக் கொள்ளலாம். 1990இல் ஐ.பி.எம். நிறுவனமும், 1993இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் இம் முறையைத் தம் முறைமைகளிற் கொண்டுவந்தன. 2001இல் லினக்ஸ் முறைமையிலும் இது சேர்ந்தது. மின்வெட்டு மலிந்த நம் போன்ற நாடுகளுக்கு இது பெரிய நன்மை.

ஆனால் நாட்குறிப்பு அட்டவணையைக் காக்குமேயன்றி, சாகும் தட்டைக் காக்காது. தட்டுகள் முன்னறிவித்துத்தான் சாகும் என்றும் நம்புவதற்கில்லை. தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து எச்சரிக்கும் ஏற்பாடு உண்டு. கூகிள் நிறுவனத்தார் தம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதடைந்த தட்டுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை அவ்வாறான அறிகுறி எதையும் காட்டவில்லை.

பெரியவரின் தட்டிலே இருவகைப் பழுதும் சேர்ந்திருந்தன. அட்டவணையைத் திருத்தும் செயல்நிரல், தட்டின் உடல் நலமாக இருக்கிறது என்று நம்பியே வேலை செய்வது. நோயுற்ற தட்டில் அதை ஓடவிட்டால், வாசிக்க இயலாத இடத்தை வெறுமை என்று கொண்டு அட்டவணையையே மாற்றி எழுதிவிடும். முனையும் இரவெல்லாம் அலையும். ஓசை கேட்டவுடன் நிறுத்தி, ஒன்றும் எழுதாமல், முதலிற் பிரதி எடுத்திருக்க வேண்டும். திருத்தம் எதுவாயினும் பிரதியிலேதான் செய்யத் தகும்.

பின்னர் விடயமறிந்த இளைஞர் ஒருவர் அதையே செய்தார். தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, 'டிடிரெஸ்கியூ' என்னும் செயல்நிரலாற் பிரதி எடுத்தார். நலமான பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான பகுதிகளைப் பின்னர் சிறிது சிறிதாக முயல்வது அதன் முறை. மூன்று நாள் ஆயிற்று. அட்டவணை பெரிதும் அழிந்திருந்தமையால், 'ஃபோட்டோரெக்' என்னும் மற்றொன்றைக் கொண்டு, நிழற்படக் கோப்புகளுக்கே உரிய தொடக்க அடையாளத்தைப் பிரதி முழுவதும் தேடினார். படங்களிற் பெரும்பாலானவை கிடைத்தன. பெயர்கள் கிடைக்கவில்லை, அவை அட்டவணையோடு போய்விட்டன.

"ஆக்கள் வந்திட்டினம் தம்பி, பேருகள்தான் வரேல்லை" என்றார் பெரியவர்.

இப்போது படங்களின் பிரதி ஒன்று கொழும்பிலுள்ள மகளிடம் இருக்கிறது. அடுத்த தெருவில் வைத்தாற் போதாதா என்று கேட்டவருக்கு, அவர் 1964ஐ நினைவூட்டினார். தனுஷ்கோடியை விழுங்கிய அப் புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் அங்கே சென்றது. கடலுக்கு இருபுறமும் வைத்தாலும் ஒரே இரவில் இரண்டும் போகலாம் என்பது அவர் கருத்து.

படங்களைத் தாளில் அச்சிட்டு, தலைமன்னாரிலும் பேசாலையிலும் உள்ள முதியோரை வீட்டுக்கு அழைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டு வருகிறார். படத்தின் பின்புறத்தில் பென்சிலாலும், ஒரு கொப்பியில் மையாலும் எழுதுகிறார். சிலவற்றுக்கு இருவர் இரு பெயர் சொல்கின்றனர், இரண்டையும் எழுதிக்கொள்கிறார். தகரப்பெட்டியோடு இறங்குதுறையில் நிற்கும் ஒரு சிறுவனை மட்டும், நான் கடைசியாகச் சென்ற நாள்வரை ஒருவரும் அடையாளங் காணவில்லை.