மேட்டூர் அணை மீனும் எங்கள் தவணை நோட்டும்



பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவில் காவிரியை மறித்துக் கட்டியது மேட்டூர் அணை. 1925-ல் வேலை ஆரம்பித்து 1934 ஆகஸ்ட் 21-ல் திறந்தார்கள். அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று நம்ம வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும். டெல்டா வயலுக்காகக் கட்டின அணை இது, மீனுக்காக யாரும் கட்டவில்லை. ஆனாலும் பண்ணவாடி, கோட்டையூர், சேத்துக்குளி, கோவிந்தப்பாடி, அக்கரையில் நாகமரை, ஒட்டனூர், ஏமனூர் என்று கரை நெடுக மீனை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியுது.

என் அம்மாயி பண்ணவாடிக்காரி. தண்ணி இறங்கினால் முதலில் பழைய கிறிஸ்தவ கோயிலின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும். வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்க வருவார்கள். அம்மாயி மட்டும், "நந்தி தெரிஞ்சா உலை கொதிக்காதுடி" என்று முணுமுணுப்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. புரிந்தபோது நான் குழுவுக்குப் பொருளாளர்.

அம்மாயி காலத்தில் பரிசலுக்குத் தோல் போர்த்துவார்களாம். அப்புறம் தார் பூசின சாக்கு, பிளாஸ்டிக் தாள் என்று மாறி, இப்போது பைபர் பரிசல் வந்துவிட்டது. வலையும் அப்படித்தான். பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துக் காய வைக்காவிட்டால் மக்கிப்போகும். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். நைலான் வந்ததும் அது போச்சு, ஆனால் கிழிசல் பின்னுவது போகவில்லை.

மீன்கூட மாறிவிட்டது. கெளுத்தி, வாளை, ஆரால் ஆற்றிலேயே இருந்தவை. கட்லாவும் ரோகுவும் வடக்கே இருந்து கொண்டுவந்து விட்டவை. இவை தேங்கின தண்ணியில் முட்டை போடாது, புதுவெள்ளம் ஓடணும். அதனால் முன்னெல்லாம் ஆற்று வெள்ளத்தில் மிதந்து வரும் குஞ்சுகளைத் துணிவலையில் அரித்துப் பிடித்துத்தான் குளத்திலும் அணையிலும் விட்டார்கள். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீன் தலைக்குள் இருக்கும் சுரப்பியின் சாறை எடுத்துத் தாய்மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். இன்றைக்குப் பண்ணையில் குஞ்சு பொரித்து அணையில் விட முடிகிறது என்றால் அதுதான் காரணம். ஜிலேபி ஆப்பிரிக்கா மீன். 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து நாடெல்லாம் பரவியது. தாய் ஜிலேபி முட்டையை வாய்க்குள் அடைகாக்கும், அத்தனை நாளும் இரை எடுக்காது. வலையில் இருந்து பிரிக்கும்போது வாயில் இருந்து குஞ்சு கொட்டும். பார்க்க சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் ஏழை வீட்டுக் குழம்புக்கு அதுதான் கதி.

இனி வருஷக் கணக்கைச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் கர்நாடகத்துத் தண்ணி ஒகேனக்கல் வழியாகச் செந்நிறமாய் வரும். கட்டை, செத்தை எல்லாம் வந்து வலையை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளம் அதிகமானால் பரிசல் போடவே விடமாட்டார்கள். ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் வந்து வறுத்த மீன் கேட்கும்போது நம்மிடம் மீன் இருக்காது. ஆவணியில் தண்ணி தெளியும். அணை நிறைந்திருந்தால் மீன் பரந்து ஆழத்துக்குப் போய்விடும். கிடைப்பது கொஞ்சம், ஆனால் பெருமீன். பத்து கிலோ கட்லா ஒன்று மாட்டினால் வீடே சிரிக்கும். அடுத்து புரட்டாசி, வாங்குகிற ஜனம் கவிச்சி தொடாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். மீன் இருக்கும், தின்ன வாய் இருக்காது. தை முதல் பங்குனி வரைக்கும்தான் எங்கள் அறுவடை. பாசனத்துக்குத் திறப்பது தையில் நிற்கும், தண்ணி இறங்கி மீன் நெருங்கி நிற்கும். எல்லாருக்கும் சேர்ந்து கிடைப்பதால் விலை விழும், மிச்சத்தை உப்புப் போட்டுக் கருவாடு ஆக்குவோம். சித்திரை, வைகாசியில் தண்ணி பச்சை பிடித்து நாறும், மீனும் இளைக்கும். ஆம்பிளைங்க தண்ணி வடிந்த நிலத்தில் எள்ளோ கம்போ விதைப்பார்கள், இல்லாவிட்டால் கேரளாவுக்கு வேலைக்குப் போவார்கள்.

இந்தக் கணக்கை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் மீன் வியாபாரி. ஆனியில் வலை போனதும் வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார். பிடிக்கிற மீன் எல்லாம் அவருக்கே, அவர் சொல்வதே விலை, எடையில் கழிவு வேறு. எனக்குக் கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்காரர் அப்படி ஒருத்தரிடம்தான் மாட்டியிருந்தார். ஆனால் ஒன்று சொல்லணும். புரட்டாசியில் அவர் பணம் கேட்டதே இல்லை. தையில்தான் வந்து உட்காருவார்.

தமிழ்நாட்டில் முதல்முதலாக மகளிர் சுயஉதவிக் குழு அரசுத் திட்டமாக ஆரம்பித்தது 1989-ல், அக்கரை தருமபுரி மாவட்டத்தில். எங்கள் கரைக்கு அது பிறகு வந்தது. குழுவில் வாங்கிய முதல் 5,000 ரூபாயில் வியாபாரி கணக்கை முடித்துவிட்டுச் சொந்த வலை வாங்கினோம். அன்றைக்கு மீனை நானே கூடையில் வைத்துச் சாலையோரம் உட்கார்ந்து என் விலைக்கு விற்றேன்.

அப்புறம் வந்தது வறட்சி. 2012-ல் இருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்க முடியவில்லை. 2017 கோடையில் நந்தி மட்டுமில்லை, அதற்குக் கீழே இருந்த பாதையும் தெரிந்தது. குழு நோட்டில் தவணை மட்டும் மாசாமாசம் அதே தொகை, அதே தேதி. ஒரு சகோதரி மூன்று தவணை கட்டவில்லை. ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லோருக்கும் அடுத்த கடன் கிடைக்காது என்ற பயத்தில், நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். தெருவே பார்த்தது. அவர் உள்ளே போய்த் தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து நோட்டு மேல் வைத்தார். அடுத்த வாரம் குழுவைவிட்டு விலகிவிட்டார். வியாபாரி கூட எங்கள் வாசலில் வைகாசியில் அப்படி உட்கார்ந்ததில்லை.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் யோசித்தேன். பால் மாடு வாங்கினவருக்கும், தையல் மிஷின் வாங்கினவருக்கும், வலை வாங்கினவருக்கும் ஒரே தவணை போட்டது நாங்கள்தான். 2018 ஜூலையில் அஞ்சு வருஷம் கழித்து அணை நிரம்பியது. அந்த ஆடியில் கூட்டத்தில் பேசி, மீன் தொழில் செய்பவர்களுக்குக் குழுவின் சொந்தச் சேமிப்பில் தரும் கடனுக்கு வேறு முறை வைத்தோம். தை முதல் பங்குனி வரை பெருந்தவணை. வைகாசி, ஆனி, ஆடியிலும் புரட்டாசியிலும் வட்டி மட்டும். மற்ற மாதம் முடிந்தது. முதலில் மற்ற உறுப்பினர்கள் சண்டை போட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள், பாக்கி குறைந்தது. வங்கிக் கடனுக்கு இன்னும் மாசத் தவணைதான்.

உரிமம் மட்டும் எங்கள் வீட்டில் இன்னமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வலை பின்னுவது, மீன் பிரிப்பது, அறுப்பது, விற்பது நான். பரிசலில் ஏறுபவர் பெயர்தான் அட்டையில்.

விலகின சகோதரியிடம் தோட்டைத் திருப்பிக் கொடுக்க இரண்டு முறை போனேன். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். குழுவுக்குத் திரும்ப வரச் சொன்னேன். "தை வரட்டும், பார்க்கலாம் அக்கா" என்றார்.