கண்ணாடி கொடுத்த மினுக்கம்

செட்டிநாட்டு வீடுகளுக்கு மினுக்கம் இரண்டு வழியில் வந்தது. சுவருக்குத் தேய்ப்பு. நன்றாகச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கடைசிப் பூச்சாகப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நூறு வயதான சுவர் சில வீடுகளில் இன்னும் முகம் காட்டுகிறது.

தரையின் கதை வேறு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பணம் ஈட்டிய செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், இத்தாலியப் பளிங்கையும் ஜப்பானியப் பூ ஓடுகளையும் கப்பலில் தருவித்தார்கள். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள ஆத்தங்குடியோ சிமென்ட், ஊர் மணல், வண்ணப்பொடி என்று கையிலிருந்ததை வைத்தே தரைக்கல் வார்த்தது. சூளை இல்லை. மெருகு போட எந்திரமும் இல்லை. துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூவுக்கும் இலைக்குமான வண்ணச் சாந்தைத்தான் முதலில் ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல் கலவை, பிறகு ஈரக் காரை. முகம் கீழே, முதுகு மேலே. இறுகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, காய்ந்து கண்ணாடியை விட்டுப் பிரியும்போது கல்லுக்குக் கண்ணாடியின் வழவழப்பு ஒட்டியிருக்கும்.

இதே தலைகீழ் வரிசையில்தான் ஃபைபர்கிளாஸ் கார் உடலும் பிறக்கிறது. மெழுகு பூசி மெருகேற்றிய அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்னும் நிறப் பிசின். பின்னால் கண்ணாடி இழைப்பாயும் பிசினும். காரைத் தேய்ப்பதற்கு முன்பே அச்சைத் தேய்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1953-ல் கார்வெட் இந்த உடலோடு வந்தது, முதல் ஆண்டில் 300 கார்கள் மட்டுமே. இந்தியாவில் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982-ல் டால்ஃபின் என்ற காரை இதே உடலோடு விற்றது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன்தான் அதற்கு மூலம். எஞ்சின் 848 சி.சி. அடுத்த ஆண்டே மாருதி 800 வந்து சந்தையைச் சுருட்டிக்கொண்டாலும், எடை குறைந்த டால்ஃபினுக்குச் சோழவரம் பந்தய ஓடுதளத்தில் நல்ல பெயர் இருந்தது.

பராமரிப்பிலும் ஆத்தங்குடிக் கல், ஃபைபர்கிளாஸ் உடல் இரண்டுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு உண்டு: நிறம் மேலே மட்டும்தான். ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய காம்பவுண்டால் அந்த வெளுப்பை மட்டும் எடுத்து, வாக்ஸ் பூச வேண்டும். பஃபிங் சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால், குறிப்பாக ஓரங்களில், இழை எட்டிப் பார்த்துவிடும். அதற்குமேல் பாலிஷுக்கு வேலையில்லை. பெயின்டரிடம்தான் போக வேண்டும். அடிபட்டால் தட்டி நிமிர்த்தவும் முடியாது. இந்த உடல் ஒடுங்காது, விரிசல் விடும். டிங்கரிங் சுத்தியல் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. சிமென்ட்டை அரித்து முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுவது செட்டிநாட்டு வழக்கம். பலர் நடந்து நடந்து மெருகேறும் தரை இது. குடும்பங்கள் ஊர்விட்டுப் போய், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீடுகளுக்கு இப்போது கிடைக்காதது அந்தக் கால்கள்தான்.